அம்மா எப்போது பிட்டு அவிப்பார்?

கேள்வி: எங்கள் வீடு கொக்குவிலில். அம்மாவுக்கு 63 வயது. நாலு மாதத்துக்கு முன் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. பெரியாஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். தடியூன்றி, பக்கத்தில் ஆள் நின்றால், விறாந்தை வரை நடக்கிறார். இடக்கை விரல்களைப் பொத்துகிறார், விரிக்கத்தான் கஷ்டம். குளிப்பாட்டுவதும் உடுப்பு மாற்றுவதும் நான். சாப்பிடத் தானே தொடங்குவார், இரண்டு வாய்க்குப் பிறகு அப்பா கோப்பையை வாங்கித் தீத்திவிடுவார். இல்லாவிட்டால் பாதிச் சோறு அப்படியே கிடக்கும். கைக்குப் பயிற்சி என்று அப்பா விறாந்தை வளையில் கப்பி கட்டி வைத்திருக்கிறார். மூன்று மாதம் தாண்டினால் இனி வராது என்று அயலில் சொல்கிறார்கள். கிளினிக் கொப்பியில் 60 என்று எழுதியிருக்கிறது. அறுபது வீதம் சுகம் என்றா அர்த்தம்? கனடாவில் இருக்கும் அண்ணா முழுநேரத்துக்கு ஒரு ஆளை வைக்கச் சொல்கிறார். அம்மா கேட்பது ஒன்றுதான்: “நான் எப்ப பிட்டு அவிக்கிறது?” கேட்டுவிட்டு அழுகிறார்.

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் மூன்று தரம் வாசித்தேன். இரண்டு வாய்க்குப் பிறகு அப்பா வாங்கித் தீத்திவிடுவார் என்ற வரி. அம்மாவுக்கு விழுந்தது இடப்பக்கம். சோறு குழைத்துச் சாப்பிடுகிற வலக்கை நல்ல கை. அப்படியிருக்க ஏன் தீத்த வேண்டியிருக்கிறது?

பாதிச் சோறு கிடக்கிறது என்கிறீர்கள். அடுத்தமுறை பாருங்கள், கிடப்பது கோப்பையின் இடப்பக்கப் பாதியாகத்தான் இருக்கும். அம்மாவுக்குப் பசி போய்விட்டது என்றோ, களைத்துவிட்டார் என்றோ நினைத்து அப்பா வாங்கிவிடுகிறார். நான் நினைப்பது வேறு. உடம்பின் இடப்பக்கத்தை நடத்துவது மூளையின் வலப்பக்கம். பாரிசவாதத்தில் அந்த வலப்பக்க மூளையில் அடி விழுந்தவர்கள் சிலருக்குக் கண் நன்றாகத் தெரியும், ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கணக்கில் எடுக்காது. கதவு நிலையில் இடத்தோள் இடிபடும். தலை வாரினால் வலப்பக்கம் மட்டும் வாரியிருக்கும். இடப்பக்கத்தில் நின்று கூப்பிட்டால் வலப்பக்கம் திரும்பித் தேடுவார்கள். உங்கள் வீட்டிலும் இவை நடந்தால் அடுத்த கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள். அதோடு ஒரு பக்கப் பார்வையே குறைந்திருக்கிறதா என்றும் சோதிக்கச் சொல்லுங்கள். இரண்டும் வெளியே ஒன்றுபோலத் தெரியும், பழக்கும் முறை கொஞ்சம் வேறு.

இன்றைக்கே செய்யக்கூடியது இது. சிவப்பு றிபன் ஒரு துண்டு எடுத்து, அம்மாவின் கோப்பைக்கு இடப்பக்கத்தில் மேசையில் ஒட்டிவிடுங்கள். சாப்பிடும்போது, “சிவப்பு தெரியுமட்டும் பாருங்கோ அம்மா” என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். கோப்பையைத் திருப்பி வைத்தால் மிச்சச் சோறு கண்ணில் படும், ஆனால் அது உங்கள் வேலை ஆகிவிடும். தலையைத் திருப்புவது அம்மாவின் வேலையாக இருக்கட்டும். முதல் ஒரு கிழமை சாப்பாட்டு நேரம் இரண்டு மடங்காகும், மேசையில் சோறு சிந்தும். அப்பா பொறுக்க வேண்டும். அப்பாவின் கை தன்பாட்டில் கோப்பைக்குப் போனால், அந்தக் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். பகிடிக்குச் சொல்லவில்லை.

எங்கள் வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் தொழில்வழிச் சிகிச்சையாளர். அப்படியென்றால் வேலை எடுத்துத் தருபவரோ என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒக்கியுபேஷனல் தெரப்பி என்ற ஆங்கிலப் பெயரைச் சுருக்கி ‘ஓ.ரீ.’ என்றால் ஒப்பரேஷன் தியேட்டர் என்று பயந்து, காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்த ஒரு அம்மாவையும் எனக்குத் தெரியும். பிசியோ நிற்கவும் நடக்கவும் பழக்குவார். நடந்து போய் என்ன செய்யப் போகிறார் என்பது எங்கள் கேள்வி. பல் தீட்டுவது, குளிப்பது, உடுப்பது, குசினியில் நிற்பது, கோயிலுக்குப் போவது எல்லாம் அதற்குள் அடக்கம்.

கொப்பியில் உள்ள 60 அனேகமாகப் பார்தெல் அளவுகோலாக இருக்கும். 1965ல் வெளியான இந்த அளவுகோலில் பத்து விடயங்கள் உண்டு: சாப்பிடுவது, குளிப்பது, முகம் கழுவித் தலை வாருவது, உடுப்பது, மலம், சலம், கழிப்பறை, கட்டிலிலிருந்து கதிரைக்கு மாறுவது, நடப்பது, படி ஏறுவது. எல்லாம் தானே செய்தால் 100. ஐந்து ஐந்தாகக் கூடும். ஆகவே 60 என்பது அறுபது வீதம் சுகம் அல்ல. எந்தெந்த வேலைக்கு இன்னொருவர் கை தேவை என்ற கணக்கு. குளிப்புக்கு ஐந்து, சாப்பாட்டில் விடுபட்ட ஐந்து, உடுப்பில் விடுபட்ட ஐந்து என்று நீங்கள் எழுதியதிலேயே பதினைந்து புள்ளி கிடக்கிறது. பிட்டு அவிப்பதற்கு அதில் புள்ளியே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நூறு எடுத்தவரும் தனியே சமைத்து வாழ்வார் என்று அந்த அளவுகோல் சொல்வதில்லை.

அயலார் சொல்லும் மூன்று மாதக் கதையில் பாதி உண்மை. இரத்தம் போகாமல் இறந்த மூளைப் பகுதி திரும்ப உயிர்க்காது. சுற்றியிருக்கும் பகுதிகள் அந்த வேலையைப் பழகி எடுக்கின்றன. முதல் மூன்று மாதத்தில் அது வேகமாக நடக்கும், பிறகு மெதுவாகும். கதவு மூடுவதில்லை. அமெரிக்காவில் நடந்து 2006ல் வெளியான ஒரு ஆய்வில், பாரிசவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதமான 222 பேரைச் சேர்த்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு நல்ல கையில் உறை மாட்டி, இரண்டு கிழமை பலவீனமான கையாலேயே வேலை செய்யப் பழக்கினார்கள். மற்றவர்களைவிட அவர்கள் கை நன்றாகத் தேறியது, ஒரு வருடம் கழித்தும் அந்த முன்னேற்றம் நின்றது. உங்கள் அம்மா நாலாம் மாதத்தில் இருக்கிறார். ஆனால் இதை வாசித்துவிட்டு வீட்டில் வலக்கையைக் கட்டிப்போட வேண்டாம். அந்தக் கைதான் தடியைப் பிடிக்கிறது, விழுந்துவிடுவார். மணிக்கட்டும் விரல்களும் கொஞ்சமாவது மேலே நிமிர்ந்தால்தான் அந்த முறை சரிவரும். அதை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அந்த ஆய்விலிருந்து உங்கள் வீட்டுக்கு எடுக்க வேண்டியது ஒன்று உண்டு. கை கொஞ்சம் வந்தாலும், நல்ல கையால் வேலை முடிந்துவிடுகிறது என்பதால் மற்றக் கையைப் பாவிக்காமல் விட்டுவிடுகிறோம். விட விட மூளையும் அதை விட்டுவிடுகிறது. வீட்டார் செய்யும் உதவியும் இதே வேலையைத்தான் செய்கிறது. குளிப்பாட்டி, உடுப்பாட்டி, தீத்தி, தலை இழுத்து, எட்டு மணிக்கெல்லாம் அம்மாவைக் கதிரையில் இருத்திவிட்டால், அதோடு நாள் முழுவதற்குமான பயிற்சியையும் வாரி எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம். அதற்குப் பிறகு அரைமணி நேரம் கையை மடக்கி நீட்டுவதில் என்ன இருக்கிறது?

கப்பி. இதைக் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, அப்பா கோபிக்கக் கூடாது. கிணற்றுக் கப்பியைக் கழற்றி வளையில் கட்டி, நல்ல கையால் இழுத்து மற்றக் கையைத் தலைக்கு மேலே தூக்குவது யாழ்ப்பாணத்தில் நான் நிறைய வீடுகளில் பார்த்தது. கழற்றிவிடுங்கள். பலவீனமான தோளில் தசை மூட்டைப் பிடித்து வைத்திருக்காது, கையின் பாரத்தில் மூட்டு கீழே இறங்கியிருக்கும். அந்த நிலையில் மேலே இழுத்தால் உள்ளே நசிந்து தோள்நோ தொடங்கும். தோள் நோகத் தொடங்கிய கையால் யாரும் வேலை செய்ய மாட்டார்கள், இரவில் நித்திரையும் போய்விடும். அதே காரணத்துக்காக, எழுப்பும்போது இடக்கையைப் பிடித்து இழுப்பதும் கமக்கட்டுக்குள் கை கொடுத்துத் தூக்குவதும் வேண்டாம். இருக்கும்போது கையைத் தலையணை மேலோ மேசை மேலோ வையுங்கள், தொங்க விட வேண்டாம்.

பந்து அமுக்கச் சொல்லி யாராவது தந்திருந்தால் அதையும் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துவிடலாம். அம்மாவுக்குப் பொத்தத் தெரியும், விரிக்கத்தான் கஷ்டம்; பொத்துவதையே மேலும் பழக்குவானேன்? எண்ணெய் பூசுவதில் எனக்குத் தடையில்லை, மெதுவாகத் தடவினால் சரி. இழுத்து முறுக்கி உருவுவது கூடாது. சுடுதண்ணீர் ஒத்தடம் வேண்டவே வேண்டாம். உணர்ச்சி குறைந்த கை சூட்டைச் சொல்லாது, கொப்புளம் வந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும்.

குளிப்பு. கிணற்றடியில் குளித்துப் பழகியவரை அறைக்குள் வைத்துத் துடைத்துவிட்டால் குளித்தது போலவே இராது, எனக்கு விளங்குகிறது. கிணற்றடியில் குளிக்கலாம், சில மாற்றங்களோடு. மாரி காலத்தில் சீமெந்தில் பிடிக்கும் பாசியைத் தேய்த்து எடுத்தாக வேண்டும். வெள்ளை பிளாஸ்டிக் கதிரை வேண்டாம், ஈரச் சீமெந்தில் அதன் கால்கள் விரியும். வெல்டிங் கடையில் நாலு கால் இரும்பு ஸ்டூல் ஒன்று அடிப்பியுங்கள். அம்மா இருந்தால் பாதம் இரண்டும் நிலத்தில் முழுதாகப் பட்டு முழங்கால் நேர்மடிப்பாக இருக்க வேண்டும், அனேகமாக 18 அங்குலம் அளவில் வரும். கால்களுக்கு றப்பர் மூடி போடுங்கள். அம்மா பிடித்து எழும்ப, வலப்பக்கத்தில் உறுதியாக ஒரு பிடிகம்பி மேசனைக் கொண்டு வைப்பியுங்கள். கிணற்றுக் கட்டு பிடிகம்பி ஆகாது. தண்ணீரை நீங்கள் அள்ளி வாளியை வலப்பக்கம் வையுங்கள், சின்னப் பேணியால் அம்மாவே வார்க்கட்டும். வெந்நீர் என்றால் சூடு பார்ப்பது வலக்கை.

எல்லோரும் மறக்கும் ஒரு இடம் உண்டு. இடக்கையை வலக்கையால் தேய்க்கலாம். வலக்கையை எதனால் தேய்ப்பது? சவர்க்காரம் போட்ட துணியைத் தொடைமேல் விரித்து, அதன்மேல் வலக்கையை முழங்கை வரை முன்னும் பின்னும் தேய்க்கச் சொல்லுங்கள். சவர்க்காரத்தைப் பழைய காலுறைக்குள் போட்டு முடிந்துவிட்டால் வழுக்கி ஓடாது. முதுகு உங்கள் பங்கு, இருக்கட்டும்.

உடுப்புக்கு ஒரு விதிதான்: போடும்போது இடக்கை முதலில், கழற்றும்போது இடக்கை கடைசியில். முன்பக்கம் திறக்கிற நைற்றியை மடியில் விரித்து, இடக்கைச் சட்டைத்துளையை இரண்டு முழங்காலுக்கும் நடுவே தொங்கவிட்டு, வலக்கையால் இடக்கையை அதற்குள் இறக்கி, துணியைத் தோள்வரை இழுத்த பிறகு மற்றது. கட்டில் விளிம்பில் அல்ல, கைபிடி உள்ள கதிரையில் இருந்து. சீலை பிறகு பார்க்கலாம்.

இனி பிட்டு. உங்கள் அம்மா தன் சிகிச்சைத் திட்டத்தைத் தானே எழுதித் தந்துவிட்டார். பிட்டு அவிப்பதில் நான் பழக்க நினைக்கிற எல்லாம் இருக்கிறது: இரண்டு கை, இடப்பக்கம் பார்ப்பது, வரிசை தப்பாமல் செய்வது, இருந்து எழும்புவது. ஆனால் பலகை போட்டு நிலத்தில் இருந்து அல்ல, மேசையில். அகலப் பேசினுக்குக் கீழே ஈரத் துணி ஒன்றை மடித்து வையுங்கள், பேசின் நகராது. அம்மாவின் இடது முன்கையை மேசையில் ஊன்றி, விரல்களைப் பேசின் விளிம்பில் வையுங்கள். அந்தக் கை இப்போதைக்கு மாக்குழைக்க வேண்டியதில்லை. பிடித்துக்கொண்டு நிற்கட்டும், அதுவும் வேலைதான். கொதிதண்ணீரை நீங்கள் வாருங்கள். வலக்கை குழைக்கும், பேணியால் கொத்தும். தேங்காய்ப்பூவை மட்டும் வேண்டுமென்றே இடப்பக்கத்தில் தள்ளி வையுங்கள். “தேங்காய்ப்பூ எங்க?” என்று அம்மா கேட்பார். எடுத்துக் கொடுக்காதீர்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். பெரும்பாலும் ஏழு எட்டில் தலை திரும்பும். திரும்பாவிட்டால், “இடப்பக்கம்” என்று ஒரு சொல் மட்டும்.

நீத்துப்பெட்டியில் போடுவது அம்மா, அடுப்பில் ஏற்றி இறக்குவது நீங்கள். ஆவி பட்டது அந்த இடக்கைக்குத் தெரியாமல் போகலாம். வலப்பக்க மூளையில் அடி விழுந்தவர்கள் சிலர் தங்களால் முடியும் என்று அவசரப்படுவார்கள்; பிழை நடந்தாலும் பிழையாகத் தெரியாது. ஆகவே அடுப்பு அருகில் இப்போதைக்குத் தனியே விட வேண்டாம். தேங்காய் திருவுவது கடைசிப் பாடம், அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. இருபது நிமிடத்தில் களைத்துப் போவார். பாரிசவாதத்துக்குப் பிறகு வரும் களைப்பு சோம்பல் அல்ல, அன்றைக்கு அவ்வளவோடு நிறுத்திவிட்டு மிச்சத்தை நீங்கள் முடியுங்கள். ருசி பார்க்க மட்டும் கூப்பிட்டு, உப்புச் சரியா என்று கேட்டு மனம் ஆற்றும் வேலை வேண்டாம். அம்மாவுக்கு விளங்கும்.

ஒரு எச்சரிக்கை. பிட்டு உதிர்ந்து தொண்டையில் நிற்கிற சாப்பாடு. அம்மா தண்ணீர் குடிக்கும்போது இருமினாலோ, சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கரகரத்தாலோ, பேச்சு விழுங்கல் சிகிச்சையாளரிடம் காட்டிய பிறகுதான் சாப்பிடத் தர வேண்டும். அவிக்கத் தடையில்லை.

அழுகை பற்றி. பாரிசவாதம் வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. நித்திரை, சாப்பாடு, பேச்சு எல்லாம் குறைந்து இரண்டு கிழமை நீடித்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள், அதற்கு மருந்து உண்டு, வேலையும் செய்யும். காரணமே இல்லாமல் சட்டென்று அழுது சட்டென்று நிற்பது இன்னொரு வகை, அது மூளையின் காயத்தால் வருவது. பிட்டைச் சொல்லி அழுவதை நான் இந்த இரண்டிலும் அவசரப்பட்டுச் சேர்க்க மாட்டேன். நாற்பது வருடமாக அந்தக் குசினியை ஆண்டவரை விறாந்தையில் இருத்தி வைத்திருக்கிறோம். யாருக்கும் அழுகை வரும்.

அண்ணாவின் காசை வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஆளையும் வைக்கலாம், ஆனால் அம்மாவின் வேலையைச் செய்ய அல்ல. கூட்டுவது, உடுப்புத் தோய்ப்பது, சமையலில் பாதி என்று வீட்டு வேலையை அவரிடம் கொடுத்துவிட்டால், காலையில் அவசரப்பட்டு அம்மாவை நீங்களே குளிப்பாட்டி முடிக்காமல், அம்மா தன்பாட்டில் குளித்து முடிக்கும்வரை பக்கத்தில் நிற்க உங்களுக்கு நேரம் கிடைக்கும். ஸ்டூல், பிடிகம்பி, குந்துகிற கழிப்பறை என்றால் அதற்கு மேலே வைக்க இரும்புச் சட்டக் கொமட், இவற்றுக்கும் அந்தக் காசு போகட்டும். தடி, வோக்கர் போன்றவற்றுக்கு யாழ் ஜெய்ப்பூர் நிறுவனத்திலும் விசாரித்துப் பாருங்கள்.

பிரஷர்க் குளிசையை, சுகமாகிவிட்டது என்று யார் சொன்னாலும், வைத்தியர் சொல்லாமல் நிறுத்த வேண்டாம். முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கை புதிதாகச் சோர்ந்தாலோ, பேச்சுக் குழறினாலோ ஓட்டோ தேடாமல் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக நாலரை மணித்தியாலத்துக்குள்தான் கொடுக்க முடியும், எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் குறித்து வைத்திருங்கள்.

அடுத்த கிளினிக்குக்கு வரும்போது அம்மா வழக்கமாகச் சாப்பிடும் கோப்பையையும் ஒரு நைற்றியையும் கொண்டு வாருங்கள், அவற்றை வைத்தே பார்க்கலாம். கிணற்றடியையும் கழிப்பறையையும் போனில் படம் எடுத்து வாருங்கள், ஸ்டூலையும் கம்பியையும் எங்கே வைப்பது என்று சொல்கிறேன். அப்பாவையும் கூட்டி வாருங்கள். கப்பியைத் திரும்பக் கிணற்றில் மாட்டிவிட்டு வரச் சொல்லுங்கள்.